சாசேஜில் குடியேறிய கோலப்பன்

கோலப்பன் ஒரு கிருமி. ஐஸ் பெட்டிக் குளிருக்கே அஞ்சாதவன். கறித் தொழிற்சாலையில் ஒரு கத்தி முனையிலிருந்து வெந்து ஆறிய சாசேஜ் ஒன்றின் மேல் தாவி ஏறினான். பாக்கெட்டை மூடி ஒட்டிவிட்டார்கள்.

உள்ளே, இறைச்சி கெடாமலிருக்கச் சேர்த்த லாக்டேட் என்ற உப்பு இருந்தது. "வாங்க, உட்காருங்க" என்றது.

கோலப்பனுக்குச் சிரிப்பு வந்தது. "என்னை யாருன்னு நினைச்சே? இன்னைக்கு நான் ஒருத்தன். நாளைக்கு ரெண்டு, மறுநாள் நாலு. அப்புறம் இதைத் தின்னவன் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்!"

"ஆகட்டும்" என்றது உப்பு.

கோலப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாகப் பிரியப் பார்த்தான். இடுப்பு கொஞ்சம் ஒடுங்கியது, அவ்வளவுதான். பயணக் களைப்பு என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். மறுநாளும் முக்கிப் பார்த்தான். நாள் சரியில்லை என்றான். இப்படியே இருபது நாள் போனது. பேச்சுத் துணைக்கு ஒரு தம்பிகூடப் பிறக்கவில்லை.

"உங்க ஆளுங்க எப்போ வர்றாங்க?" என்று உப்பு தினமும் மரியாதையாகக் கேட்டது.

"வந்துக்கிட்டே இருக்காங்க" என்பான்.

ஒரு காலையில் பாக்கெட் திறந்தது. வெளிச்சமும் பேச்சுக் குரலும் உள்ளே வந்தன. கோலப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "பாத்தியா, வரவேற்க எவ்வளவு கூட்டம்! எங்கே கூட்டிட்டுப் போறாங்க?"

"வெந்நீர் கொதிக்குதுங்க. குளிப்பாட்டப் போறாங்க."

"சூடு கொஞ்சம் கம்மியா இருக்கட்டும்னு சொல்லு" என்று அதட்டினான் கோலப்பன்.

போய்ச் சொல்ல அவனுக்கு ஓர் ஆள்கூட இல்லை.