எகிப்துக் கிளாஸ்

"எனக்குச் சில்வர் பேணி. அவருக்கு எகிப்துக் கிளாஸ். நல்ல மரியாதைதான் தங்கச்சி."

தில்லைநாதன் கையில் குடிக்கிற பேணியோடு குசினி வாசலில் நின்று சொன்னார். குரலைக் குறைக்கவில்லை. விறாந்தையில் இருக்கிறவருக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னார்.

கமலாசனி ரீச்சர் திரும்பியும் பார்க்கவில்லை.

"அவர் எனக்குச் சம்மந்தி. முதல் தரம் வாறார். நீங்கள் கிழமைக்கு நாலு தரம் வாறியள் அண்ணை."

"சம்மந்தியாம்."

"ஓம். என்ரை பெடியன் கட்டினது அவற்றை மகளைத்தானே."

பக்கத்தில் நின்ற மருமகள் சாரங்காவுக்கு நெஞ்சு நிறைந்துபோனது.

கலியாணமாகி ஆறு மாதம். கந்தோரில் வைத்து எழுதின கலியாணம். அவளுடைய அப்பா வீரகத்திக்கு ஓமந்தையில் சலூன். சலூன்காரன் இந்த விசுவமடு வீட்டுப் படி ஏறமாட்டான் என்று ஊர் சொன்னது. போன கிழமை ரீச்சரே, "உன்ரை கொப்பரை ஒருக்கா வரச்சொல்லு பிள்ளை" என்றா.

அன்றைக்குப் பிடித்த பயம். அப்பாவை எங்கே இருத்துவார்கள்? எதில் குடிக்கக் கொடுப்பார்கள்?

கதிரையில்தான் இருத்தினார்கள். குடிக்கக் கொடுத்தது அதைவிடப் பெரிய விசயம்.

லண்டனில் இருக்கிற மகள் லக்சிகா அனுப்பிய கிளாஸ் அது. ஒரே அச்சில் ஆறு. வைன் குடிக்கிற கிளாஸ். முட்டையே வாங்காத வீட்டில் அது எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, அவ்வளவு வடிவு. கடும் நீலம். விளிம்பில் தங்கப் பூச்சு. நடுவில் ஒரு தாமரை, அதற்கு மேலே மை தீட்டின ஒரு பெரிய கண். பழைய எகிப்துக்காரர் கண்ணாடி வார்த்த முறையைப் பார்த்துச் செய்தது என்று பெட்டியில் எழுதியிருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் ரீச்சர் அதை வாசித்துக் காட்டுவா. தொட விடமாட்டா. அலுமாரித் திறப்பு எப்போதும் அவாவின் இடுப்பில்.

இன்றைக்கு அலுமாரி திறந்தது. ஒரு கிளாஸ் வெளியே வந்தது. அதில் நெல்லிக்கிறஷ் கரைத்து, தட்டில் வைத்து, ரீச்சரே கொண்டுபோய் நீட்டினா.

வீரகத்தி கதிரை நுனியில் இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டு. கிளாசை இரண்டு கையாலும் வாங்கினார்.

"இந்தக் கண் என்னையே பாக்குது ரீச்சர்."

"பாக்கட்டும். அது எகிப்துக்காரரின்ரை கண். நீங்கள் குடியுங்கோ."

"மாமா, கெதியாக் குடியுங்கோ," என்றான் சாரங்காவின் புருசன் நிருஷன். "இந்த வீட்டுப் பிள்ளை நான். எனக்கே இன்னும் அது கிடைக்கேல்லை. பறிச்சுப்போடுவன்."

வீரகத்தி சிரித்தார். வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு.

தில்லைநாதன் சில்வர் பேணியை ஸ்டூலில் டங்கென்று வைத்தார்.

குடித்து முடித்ததும் வீரகத்தி எழும்பி முற்றத்துப் பைப்படிக்கு நடந்தார். கிளாசைக் கழுவி, சீமெந்துக் கட்டின் மேல் கவிழ்த்து வைத்தார். சாரங்கா பின்னால் ஓடினாள்.

"அப்பா, வையுங்கோ. நான் கழுவுறன்."

"பழக்கம் பிள்ளை."

ரீச்சர் விறாந்தையில் பார்த்துக்கொண்டு நின்றா.

அப்பாவைப் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட நிருஷன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். படலையடியில் வீரகத்தி மகளின் காதோடு சொன்னார்.

"பயந்துகொண்டுதான் வந்தனான். நல்ல சனம் பிள்ளை. அந்த அண்ணைக்காரன்தான் கொஞ்சம் ஒரு மாதிரி. மாமியைக் கவனமாப் பார்."

"ஓமப்பா."

மோட்டார் சைக்கிள் சத்தம் மறைந்தது. சாரங்கா பைப்படிக்குப் போனாள். கிளாசை எடுத்து, ஈரம் போகத் துடைத்து, உள்ளே கொண்டு வந்தாள். அலுமாரி இன்னும் திறந்தபடி. அதற்குள்ளே ஐந்து.

"அங்கை வைக்காதை பிள்ளை."

ரீச்சர் பக்கத்தில் வந்து நின்றா. குரல் நல்ல மெதுவாக இருந்தது.

"வீட்டுக்குப் பின்பக்கம் இருக்கிற தட்டிலை வை. கொப்பர் திரும்பி வரேக்கை அதையே எடுக்கலாம். வீட்டுப் பேணியள் எண்டால் கழுவேக்கை கலந்துபோகும், பிறகு எது எண்டு தெரியாது. இதெண்டால் கலக்காது. வடிவான சாமான், அவருக்கும் மனம் நோகாது. ஒண்டு போனாப் போகட்டும், அஞ்சு கிடக்குத்தானே."

விறாந்தையில் தில்லைநாதன் வாய்விட்டுச் சிரித்தார்.

"அதுதானே பாத்தன். ரீச்சர் எண்டால் ரீச்சர்தான். எனக்கு இது மூளையிலை ஓடேல்லையே."

சாரங்கா கிளாசைப் பார்த்தாள். அப்பா இரண்டு கையாலும் வாங்கின கிளாஸ்.

பிறகு அதை அலுமாரிக்குள் வைத்தாள். முன்னால் இருந்ததைப் பின்னுக்குத் தள்ளினாள். பின்னால் இருந்ததை முன்னுக்கு எடுத்தாள். இடதை வலதுக்கு, வலதை இடதுக்கு. கடுதாசி விளையாடச் சீட்டுக் கலைக்கிற மாதிரி, ஆறையும், ஆறுதலாக.

"பிள்ளை, என்ன செய்யிறாய்?"

சாரங்கா ஒதுங்கி நின்றாள்.

"ஒண்டுமில்லை மாமி. இனி நீங்களே பாத்து எடுங்கோ. அப்பா குடிச்சது எது?"

ரீச்சர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தா.

ஆறு கண்ணும் அவாவை ஒரே மாதிரித்தான் பார்த்தன.