இரண்டாவது தட்டு

"நீ வந்தா ஓட்டல்ல தங்குறியாம்மா, இல்ல மாச வாடகைக்கு ஊடு பாக்கவா?" என்று சிங்கப்பூரிலிருந்து மகன் கிறிஸ்துராஜ் போனில் கேட்டான்.

"ஏன்டா, உன் ஊட்ல இடமில்லியா?" என்றாள் அம்பத்தூர் ஞானகுமாரி.

"ரெண்டுல எது வேணும், அத சொல்லும்மா" என்றான். ஓட்டலில் அவனுக்குச் சமைத்துப் போட முடியாதே என்று வாடகை வீட்டையே கேட்டாள். சிங்கப்பூர் போனதிலிருந்து தினமும் தனக்கும் அவனுக்குமாக இரண்டு தட்டில் சோறு போட்டு வைத்தாள். அவன் வரவில்லை. அவள் கை கழுவிவிட்டு வருவதற்குள் இரண்டாவது தட்டு காலியாகியிருக்கும். மீன்முள் மட்டும் விளிம்பில் வரிசையாக இருக்கும். புருஷன் பிரகாசம் அப்படித்தான் அடுக்குவார். அவரை அடக்கம் செய்து எட்டு வருஷம்.

அவள் ஊருக்குக் கிளம்பும் நாளில் மகன் வந்தான். "பசிக்குதும்மா."

அவள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"இடமில்லடா. அப்பா சாப்ட்டுகினு கீறாரு."