கருவிழியில் ஒரு வளையம்

கம்ப்யூட்டர் திரையில் இராமலட்சுமியின் வலது கண் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குத் தெரிந்தது. கருவிழியின் நடுவில் வெள்ளையாக ஒரு வளையம்.

சிவசைலத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனைவியின் கண்ணில் தூசு விழுந்து ஒரு மாதம் ஆகிறது. பூஞ்சைக் கிருமி என்றுதான் சொட்டு மருந்து கொடுத்தார்கள். மணி தவறாமல் அவரே விட்டார். காலண்டர் தாளின் பின்பக்கம் நேரம் எழுதி, டிக் போட்டு, கையோடு கொண்டு வந்திருந்தார்.

“அண்ணாச்சி, எங்க நர்சுங்க உங்ககிட்ட தோத்தாங்க,” என்றார் டாக்டர் ஜெயபிரியா. மறுபடி திரையைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுபோனது.

பூஞ்சை இல்லையாம். சுரண்டி எடுத்துப் பார்த்ததில் அமீபா என்று வேறொரு கிருமி. தண்ணீரில் இருப்பது. இனி வேறு மருந்து, மாதக்கணக்கில். அதற்கும் கேட்காவிட்டால் கருவிழியையே மாற்ற வேண்டி வரும். மாற்றினாலும் பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது.

“கண்ணுக்குள்ள தண்ணி ஏதும் விட்டீங்களா?”

“ஒரு சொட்டு கிடையாது டாக்டர். தலைக்குக் குளிக்கவே விடல. ஈரத்துண்டால கழுத்துக்குக் கீழதான் துடைச்சு விடுதேன்.”

சத்தியமாகத்தான் சொன்னார்.

“நாந்தான் டாக்டர்,” என்றாள் இராமலட்சுமி. “இவுக இல்லாதப்ப உறுத்தல் தாங்கல. பைப்புத் தண்ணியில தினமும் கழுவுனேன்.”

சிவசைலம் திடுக்கிட்டுத் திரும்பினார். குழாய்ப் பக்கம் இவளை அவர் போகவே விடவில்லையே.

“ஏட்டி, நீ எப்ப…”

“நீங்க சும்மா இரிங்க.”

கண்ணைத் திறக்க முடியாமலே கையை நீட்டித் துழாவி, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் திட்ட ஆரம்பித்தார். படித்த பிள்ளைகளைப் பெற்றவள் செய்கிற வேலையா இது என்றார். அவள் தலையைக் குனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். சீட்டில் ‘குழாய்த் தண்ணீர்’ என்று ஏறியது.

எதற்கு இந்தப் பொய் என்று அவருக்குப் புரியவில்லை.

ஒரு மாதமாக அந்தக் கண்ணைத் தொட்டது அவர் விரல்கள் மட்டும்தான். விடிந்ததும், கூட்டம் சேருவதற்குள், மேலகரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஐந்தருவிக்குப் போவார். மூலிகைக் காட்டைத் தழுவி விழுவதைப் பாட்டிலில் பிடித்து வருவார். அவள் இமையை விரித்து, மருந்துக்கு முன்னால், வலிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுவார்.

அதைத் தண்ணீர் என்று அவர் இந்த நிமிடம் வரை நினைத்ததில்லை.