பூனை ரிப்போர்ட்

"ஏம்மா, மனுஷங்கதானா நீங்க? சாகப்போற ஜீவனை இன்னும் எத்தனை தடவை குத்துவீங்க?"

கால்நடை ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனை அறை வாசலில் நின்று பூனைக்காரர் கத்திய கத்தலில், வரிசையில் இருந்த நாய்களே குரைப்பதை நிறுத்திவிட்டன. கையில் கூடை. கூடைக்குள் ஒரு வெள்ளைப் பூனை, இரண்டு நாளாகச் சாப்பிடாமல் சுருண்டு கிடந்தது.

லேப் பெண் ஊசியையும் குழாயையும் எடுத்து வைத்தாள். எதிர்த்து எப்படிப் பேசுவாள்? தப்பு அவள் பேரில்.

நேற்று சாயங்காலம் கிளம்புகிற அவசரத்தில், மெஷின் துப்பிய சீட்டை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட்டாள். வெள்ளணு எக்கச்சக்கம். ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு, லட்சக்கணக்கில் இருக்க வேண்டியது, வெறும் பதினோராயிரம். அதைப் பார்த்த டாக்டர், ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம், லேப் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட் வரட்டும், அதிலும் இப்படியே இருந்தால் வலியில்லாமல் ஒரு ஊசி போட்டு மேலே அனுப்பிவிடலாம் என்று சொல்லிவிட்டார்.

காலையில் கையெழுத்துப் போட உட்கார்ந்தபோதுதான் அவளுக்குச் சுருக்கென்றது. ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கவே இல்லையே!

பூனை ரத்தத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. குழாய்க்குள் போனதும் தட்டணுக்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். அந்தக் கொத்தையெல்லாம் மெஷின் வெள்ளணு என்று எண்ணித் தொலைக்கும். படிக்கும்போது முதல் வாரமே தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். அதில் போய்க் கோட்டை விட்டிருக்கிறாள் மகராசி.

பார்த்தாள். கண்ணாடி முழுக்கக் கொத்துக் கொத்தாகத்தான் கிடந்தது. ஆனாலும் நிச்சயமாகத் தெரியாமல் ஒரு மனுஷனுக்கு ஆசை காட்டக் கூடாது என்று, இன்னொரு தடவை ரத்தம் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அதற்குத்தான் இந்த ஆட்டம்.

அவர் விடவில்லை. உங்க வீட்டுப் பிள்ளையா இருந்தா இப்படி இழுத்தடிப்பீங்களா என்று கேட்டார். பக்கத்தில் நாயோடு நின்ற அம்மாள் சும்மா இருப்பாளா? இவளுக்கெல்லாம் வேலை கொடுத்தவனைச் சொல்லணும் என்று ஒத்து ஊதினாள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என் பொண்ணு நேத்துலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கலை. இன்னிக்கே இதுக்கு ஒரு முடிவு கட்டணும்."

லேப் பெண் கூடையை உள்ளே வாங்கிக்கொண்டாள். பெற்ற மகளைப் போல அந்தப் பூனையைப் பார்க்கிறார் மனுஷன், நான் பாவி அவரை இப்படித் துடிக்க விட்டேனே என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, புது ரத்தத்தை, தட்டணு ஒட்டாதபடி வேறு மருந்து போட்ட குழாயில் பிடித்தாள். மெஷினில் ஒரு தடவை. மைக்ராஸ்கோப்பில் இரண்டு தடவை.

தட்டணு இரண்டரை லட்சம். வெள்ளணுவும் சரியாக இருந்தது. புற்றுநோயும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

வெளியே ஓடிவந்தாள்.

"சார், மன்னிச்சிடுங்க. நேத்து ரிப்போர்ட் தப்பு. ரத்தத்துல ஒரு கோளாறும் இல்லை. டாக்டர் பார்த்து மருந்து எழுதினா பொழைச்சிடும் சார்."

நாய்க்கார அம்மாள் கைதட்டினாள். அவர் சந்தோஷத்தில் அழுவார், இல்லாவிட்டால் கோபத்தில் ஓங்கி அறைவார். இரண்டில் எது வந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று லேப் பெண் தலைகுனிந்து நின்றாள்.

அவர் அழவும் இல்லை, அடிக்கவும் இல்லை. முகம்தான் தொங்கிப்போனது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவளை ஓரமாகக் கூப்பிட்டார். இவ்வளவு நேரம் கூரையைப் பிய்த்த மனுஷன் இப்போது கிசுகிசுத்தார்.

"புது வீட்டுக்குப் போறோம்மா. சோபா, திரைச்சீலை எல்லாம் புதுசு. இதைக் கூட்டிட்டுப் போனா பிறாண்டியே நாசமாக்கிடும். சும்மா ஊசி போட வீட்டுல என் பொண்ணு விடமாட்டா, அவளுக்கு ரிப்போர்ட்டைக் கண்ணால பார்க்கணும். நேத்து கொடுத்த சீட்டு இருக்கு பாரு, அதுலயே ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடு. நீ பண்ணின தப்பை நானும் பெரிசு பண்ணலை."

அவள் அந்தச் சீட்டை வாங்கி நாலாகக் கிழித்தாள். காலையிலிருந்து குரலையே உயர்த்தாதவள், வராந்தா முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டாள்:

"உங்க பொண்ணு போன் நம்பரைச் சொல்லுங்க சார்."