மெலிந்த சுவர்

குமரகுருவுக்கு மாரடைப்பு வந்து நான்காவது நாள். "செத்த தசையை வெள்ளை அணுக்கள் தின்னு அப்புறப்படுத்துது. தழும்பு கட்டுற வரைக்கும் இதயச் சுவர் ரொம்ப மெலிசா இருக்கும். அதிர்ச்சியா எதையும் சொல்லிடாதீங்க" என்று டாக்டர் அவர் மனைவி செண்பகவல்லியிடம் சொல்லியிருந்தார்.

அன்று காலையில் குமரகுருவின் அண்ணன் இறந்துவிட்டார். நாலு மணிக்கு எடுக்கிறார்கள். செண்பகவல்லி வராந்தாவுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள்.

"அண்ணனுக்குப் போன் போடு. நான் பொழைச்சுட்டேன்னு சொல்லணும்."

"தூங்குறாராம்ங்க."

"பகல்லயா? நீ ஏன் அழுவுற?"

"நீங்க பொழைச்சதை நினைச்சுத்தான்."

குமரகுரு அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "சரி, எழுந்ததும் போடு" என்றார்.