கழற்றி வைத்தவை

கொண்டையில் கடைசி ஊசியைச் செருகும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

குழந்தை அழவில்லை.

இரண்டு வருட விடுப்புக்குப் பிறகு விமானப் பணிப்பெண்ணாக அவள் மறுபடி பறக்கத் தொடங்கிய நாளிலிருந்து, ஸ்பிரே வாசனைக்கே அழுகை கிளம்பிவிடும். லிப்ஸ்டிக் மூடியைத் திறந்தால் அது உச்சத்துக்குப் போகும். குழந்தை சீருடையின் காலரைப் பிடித்துக்கொண்டு தொங்கும். வாரி எடுத்து முதுகில் தட்ட வேண்டும். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு தட்டு. அவள் அப்படித் தட்டினால்தான் அடங்கும். வேறு யார் தட்டினாலும் அடங்காது.

அந்த அழுகையால் கம்பெனி வேன் வாசலில் காத்துக் கிடந்திருக்கிறது. இனிமேல் தாமதமானால் வேன் காத்திருக்காது, வேலையும் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

இது மட்டும் நின்றால் போதும் என்று அவள் வேண்டாத சாமியில்லை.

நின்றுவிட்டது.

குழந்தை தரையில் உட்கார்ந்து சோப்பு டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவளுடைய மெட்டிகள். மூடிய ஷூவுக்குள் மெட்டி விரலை அறுக்கும். வேலைக்குப் போகும்போது கழற்றி அதில் போட்டுவிடுவாள். மூக்குத்தியும் அதற்குள்தான்.

பிரசவத்துக்குப் பிறகு விரல் மெலிந்து மெட்டி தளர்ந்திருந்தது. நடந்தால் மொசைக் தரையில் தட்டும். அந்தச் சத்தத்தை வைத்தே அவள் எந்த அறையில் இருக்கிறாள் என்று குழந்தை கண்டுபிடித்துவிடும்.

"பாப்பா, கீழ வை. வாயில போட்டுக்காதே."

"அம்மாவுது" என்றது குழந்தை. "அம்மா வந்து போட்டுக்குவா."

"நான்தானே அம்மா?"

குழந்தை நிமிர்ந்து பார்த்தது. சிவந்த உதடு. வரைந்த புருவம். கழுத்தில் முடிச்சிட்ட ஸ்கார்ஃப்.

பிறகு சிரித்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

அவளும் சிரித்தாள். விமானத்தின் கதவருகே நின்று சிரிக்கும் சிரிப்புத்தான் வந்தது.

"எங்களுக்கெல்லாம் இந்தச் சிரிப்பு வேணும்னா டிக்கெட் எடுக்கணுமா அண்ணி?"

அறை வாசலில் சுகிர்தா. வெளியூரில் வேலை பார்க்கும் கணவனின் தங்கை. தேர்வுக்குப் படிக்க வந்து இங்கேயே தங்கியிருப்பவள். விரலை அடையாளமாக வைத்து மூடிய புத்தகம் ஒரு கையில். கிராப்பு வெட்டிய தலையை இன்னொரு கை கோதிக்கொண்டிருந்தது.

"இப்பல்லாம் பாப்பா ரொம்ப சமத்து. நீங்க போனதும் இந்த ரூமுக்குள்ள வந்துடுறா. தானா பேசிக்கிட்டு, தானா விளையாடிக்கிட்டு... எனக்கும் நாலு பக்கம் படிக்க முடியுது."

"போன தடவை நீ போட்டுவிட்ட ரெட்டைச் சடை நல்லா இருந்துச்சு. அவ்வளவு இறுக்கமா எனக்கே வராது."

"நானா? என் தலையைப் பாத்துமா அண்ணி கேக்குறீங்க? நீங்க பின்னிவிட்டுட்டுப் போனதுதானே அது?"

அவள் யோசித்தாள். சிங்கப்பூர் போய்த் திரும்பும் நாட்களில் காலையும் மாலையும் குழம்பிப்போகும். பின்னியிருக்கலாம். மறந்திருக்கலாம்.

மத்தியான வெயிலில், கீழே வேன் ஹாரன் அடித்தது.

லிஃப்ட் பழுது. பெட்டியின் ஒரு பக்கத்தைச் சுகிர்தா பிடித்துக்கொண்டாள். இருவருமாகப் படிக்கட்டு வரை தூக்கி வந்தார்கள். குழந்தை வாசலில் வந்து நின்றது.

"டாட்டா."

அவள் ஒரு படி இறங்கி நின்றாள். காத்திருந்தாள். ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்ள வேண்டாம். உதடு கொஞ்சம் பிதுங்கினால்கூடப் போதும்.

குழந்தை திரும்பி உள்ளே நடந்தது. வலது கையை மட்டும் தலைக்கு மேலே தூக்கியபடி.

பெரியவர்களின் விரலைப் பிடித்து நடக்கும் குழந்தைகளுக்குக் கை அப்படித்தான் உயர்ந்திருக்கும்.

கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

உள்ளே மொசைக் தரையில் மெட்டி தட்டும் சத்தம்.

டக். டக்.

அது கதவை நோக்கி வந்தது. நின்றது.

பிறகு மேல் தாழ்ப்பாளைப் போடும் ஓசை. சுகிர்தாவே எக்கித்தான் போட வேண்டிய தாழ்ப்பாள்.

சுகிர்தாவின் கையிலிருந்து பெட்டி நழுவிப் படிகளில் உருண்டது.

"அண்ணி... உள்ள யாரு?"

அவள் ஏறி ஓடினாள். கதவைத் தட்டினாள். பாப்பா, அம்மாடி, கதவைத் திற என்று கத்தத்தான் நினைத்தாள். வாயிலிருந்து வந்தது விமானத்தில் அறிவிப்புச் சொல்லும் குரல். நிதானமாக, இனிமையாக, யாருக்கும் சொந்தமில்லாமல்.

உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது.

அந்த அழுகையும் அவளுக்குத் தெரியும். முகம் தெரியாதவர்கள் வந்து கதவைத் தட்டினால் அழும் அழுகை.

கீழே வேன் மறுபடி ஹாரன் அடித்தது. அவள் கதவில் காதை வைத்தாள்.

இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம்.

மறுபடி இரண்டு தட்டு.

அழுகை அடங்கியது.