தோணிப் பாய்

கிணற்றின் வாயைப் பலகை போட்டு மூடி, சுற்றிலும் ஆணி அடித்துவிடச் சொன்னாள் சைதுன் பீவி. வாளி நுழைகிற அளவுக்கு ஒரு மூலையில் இடைவெளி இருந்தால் போதும் என்றாள்.

சுத்தியலை எடுத்த தேவசகாயம், தோட்டத்தில் துவைக்கிற கல்லின் மேல் வெயிலில் உட்கார்ந்திருந்த அவள் புருஷனை ஒரு தடவை பார்த்தார். அதன் பிறகு ஏன் என்று கேட்கவில்லை.

அப்துல் ஜலீல் ரங்கூனில் பதினாறு வருஷம் துணிக்கடை வைத்திருந்தார். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்கு வந்து போவார். அறுபத்துநாலில் அந்த நாட்டு சர்க்கார் கடையை எடுத்துக்கொண்டது. ஒரு தகரப் பெட்டியோடு கப்பலேறிப் பரங்கிப்பேட்டைக்கு வந்து சேர்ந்தார்.

வந்து ஏழு மாதம் ஆகிறது. விடிந்ததும் அந்தக் கல்லில் போய் உட்காருவார். பசிக்கிறதா, வெயில் சுடுகிறதா என்பதெல்லாம் அவருக்கே தெரிவதில்லை. கூப்பிட்டால் எழுந்து வந்து, தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, திரும்பவும் போய் உட்கார்ந்துகொள்வார்.

கடை போன துக்கம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். பிள்ளை குட்டி இருந்தாலாவது மனசு தேறும் என்றார்கள். சைதுன் பீவி புருஷனிடம் எதுவும் கேட்கவில்லை.

கத்திரி வெயில் ஆரம்பித்ததும், கடலூர் துறைமுகத்தில் தோணி ஓட்டிக்கொண்டிருந்த தேவசகாயத்துக்குச் சொல்லியனுப்பினாள். ஓட்டத்திலிருந்து கழித்த தோணியின் பாய் ஒன்று அவரிடம் இருந்தது. கிழிசலைத் தைத்து, பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

மூன்று மூலையுள்ள அந்தக் கித்தானைத் தென்னைமரத்திலும், வீட்டுச் சுவரில் அடித்த வளையத்திலும், புதிதாக நட்ட சவுக்குக் கழியிலும் இழுத்துக் கட்டினார். கதவுக்குப் பின்னால் முக்காட்டோடு நின்ற சைதுன் பீவி, பந்தல் மாதிரி மட்டமாகக் கட்டக் கூடாதா என்று கேட்டாள்.

"மட்டமா கட்டுனா கடக்காத்து கிழிச்சிப்புடும்மா. மேக்கால மூலய எறக்கி உட்டாத்தான் சாயங்கால வெயிலு உள்ள வராது. கெழக்க தொறந்து கெடக்கட்டும், காத்து வரும்."

உச்சிவேளைக்குள் வேலை முடிந்தது. வாடிக் கிடந்த கத்தரிச் செடிகளின் மேலும், கொதித்துக்கொண்டிருந்த மணலின் மேலும் நிழல் விழுந்தது. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்ட தேவசகாயம், ஜலீலின் முன்னால் வந்து நின்றார்.

"நெழலுக்கு வந்து குந்துங்க மரக்காயரே. ஒங்களுக்காவத்தான் அந்தம்மா இத்தன பாடுபடுது."

ஜலீல் எழுந்து நிழலுக்குள் போய் மணலில் உட்கார்ந்தார். கிழக்கிலிருந்து காற்று வந்தது. தனக்காகத்தான் இவள் இதைச் செய்திருக்கிறாள் என்று புரிந்தது. புரிந்ததே தவிர நெஞ்சில் எதுவும் அசையவில்லை.

லுஹர் தொழுதுவிட்டு சைதுன் பீவி வெளியே வந்தாள். இத்தனை மாதத்தில் முதல் தடவையாக அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ரஹ்மத்துல்லா இங்கே வந்திருந்தார் என்று சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன்பு, ஜலீல் அகதிப் பட்டியலில் பேர் பதிய மஞ்சக்குப்பம் ஆபீசுக்குப் போயிருந்த அன்று.

ரஹ்மத்துல்லா ரங்கூனில் அவருக்குப் பக்கத்துக் கடைக்காரர். பிந்திய கப்பலில் வந்து, சிதம்பரத்தில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். அவர் பேரைக் கேட்டதும், மணலைக் கிளறிக்கொண்டிருந்த ஜலீலின் விரல்கள் நின்றுவிட்டன.

ரஹ்மத்துல்லா என்ன பேசினார் என்பதை அவள் சொல்லவில்லை. அன்றைக்கு அடுப்பில் சோறு கருகி, அந்த வாசனை தெரு வரைக்கும் போன பிறகுதான் அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்தாள் என்பதையும் சொல்லவில்லை. மறுநாளே ரஹ்மத்துல்லாவின் கையால் ரங்கூனுக்கு ஒரு கடிதம் எழுதவைத்ததை மட்டும் சொன்னாள்.

"நேத்து பதில் வந்துச்சி," என்று மடித்த காகிதத்தை ஜலீலின் மடியில் வைத்தாள்.

அவர் அதைத் தொடவில்லை. அவள் குரலில் கோபம் இல்லை. வேறு எதுவும்கூட இல்லை.

"இந்த வெயில நீங்களும் நானும் தாங்கிக்குவோம். புள்ள தாங்காதுங்க."

"எந்தப் புள்ள?" என்று கேட்டார். உதடு மட்டும்தான் அசைந்தது.

சைதுன் பீவி எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"ஒங்க மவனும் அவன் உம்மாவும் வெள்ளிக்கிழம மெட்ராசுல எறங்குறாங்க, போயி அழச்சிட்டு வாங்க."